பேட்ச்சின் பின்பக்கம்

விண்வெளிப் பயணத்துக்கென்று தைத்த எம்பிராய்டரி பேட்ச் ஒன்றைக் கையில் கொடுத்தால் யாரும் முதலில் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். ராக்கெட், நிலா, கொடி, வீரர்களின் பெயர்கள் எல்லாம் அங்கேதானே இருக்கின்றன. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிகளில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. வாங்கிய கையோடு திருப்பிவிடுகிறார்கள். ஒரு தையலின் தரம் அடிப்பக்கத்தில்தான் தெரியும் என்பது அவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். பேட்ச் சேகரிப்பதில் பல வருடம் ஊறியவர்கள் மெல்ல மெல்ல வந்து சேர்வதும் இந்தப் பழக்கத்துக்குத்தான்.

பாலாற்றை ஒட்டி வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் தொழில் பகுதியில் எம்பிராய்டரி பேட்ச் முக்கியமான தொழில் அல்ல. ஆனால் நூல், ஊசி, இழுவிசை, ஓரம் என்று ஒரு பேட்ச்சை ஆக்கவும் கெடுக்கவும் கூடிய அத்தனை விஷயமும் இங்கே தினசரிப் பேச்சு. ஒரே விண்பயணத்தின் பேட்ச் ஏன் நான்கைந்து விதமாகக் கிடைக்கிறது, எது முந்தியது, எது பிந்தியது என்ற கேள்விகளுக்கு விடை தேட இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்பது என் எண்ணம்.

இந்த வழக்கத்தின் தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1965 ஆகஸ்டில் ஜெமினி 5 விண்கலத்தில் கார்டன் கூப்பரும் பீட் கான்ராடும் பறந்தார்கள். விண்கலத்துக்குப் பெயர் வைக்கக்கூடாது என்று நாசா தடுத்திருந்தது. அதற்கு மாற்றாக, ராணுவப் படைப்பிரிவுகளில் இருப்பதுபோல் ஒரு சின்னமாவது வேண்டும் என்று கூப்பர் கேட்டார். அமெரிக்காவின் மேற்கே குடியேறப் போனவர்களின் கூண்டு வண்டி ஒன்றை வரைந்து, ‘எட்டு நாள், இல்லாவிட்டால் தோல்வி’ என்ற பொருள்பட ஒரு வரியையும் சேர்த்தார்கள். நாசாவின் தலைவர் ஜேம்ஸ் வெப்புக்கு அந்த வரி பிடிக்கவில்லை. எட்டு நாளுக்கு முன்பே திரும்ப நேர்ந்தால் பயணமே தோற்றதாகப் பேசுவார்களே என்பது அவருடைய கவலை. பயணம் முடியும்வரை அந்த வரியை மூடிவைக்கும்படி உத்தரவு போட்டார், அதன்மேல் ஒரு துண்டுத் துணியை வைத்துத் தைத்தார்கள். கலம் இறங்கியபோது எட்டு நாளுக்கு ஒரு மணி நேரம்தான் குறைவு. அமெரிக்கப் பயணங்களின் முதல் பேட்ச்சே இப்படி வரி மூடியது, வரி தெரிவது என்று இரண்டு வடிவங்களோடு பிறந்துவிட்டது.

அதற்கு முன் நடந்த மெர்க்குரி பயணங்களுக்கும் இன்று பேட்ச் விற்கிறார்கள். அவை பின்னாளில் நினைவுப்பொருளாக வரைந்து தைத்தவை. மெர்க்குரி வீரர்கள் அவற்றை அணிந்ததே இல்லை. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

இனி அப்போலோ 11. உலகில் மிக அதிகமாகப் படியெடுக்கப்பட்ட பேட்ச்களில் ஒன்று. வரைந்தவர் அந்தப் பயணத்தின் மூன்று வீரர்களில் ஒருவரான மைக்கேல் காலின்ஸ். பறவைகள் பற்றிய ஒரு புத்தகத்திலிருந்த கழுகின் மேல் மெல்லிய தாளை வைத்து அவர் படியெடுத்தார். நிலவில் இறங்கும் கழுகின் அலகில் முதலில் ஆலிவ் கிளை இருந்தது. விரிந்த நகங்கள் மிரட்டுவதுபோல் இருப்பதாக மேலதிகாரிகளுக்குப் பட்டதால் கிளையைக் கால்களுக்கு மாற்றினார்கள். பயணத்துக்கு உழைத்த எல்லோருக்கும் உரியதாக இருக்கட்டும் என்று மூன்று வீரர்களின் பெயரையும் சேர்க்கவில்லை.

இந்தப் படத்தில் ஓர் அறிவியல் பிழை உண்டு. காலின்ஸே பின்னர் அதைக் குறிப்பிட்டிருக்கிறார். மேலே தெரியும் பூமியின் இடப்பக்கம் இருண்டிருக்கிறது. உண்மையில் அடிப்பக்கம் இருண்டிருக்க வேண்டும். காரணம் எளிது. அவர்கள் இறங்கிய அமைதிக் கடல் நிலவின் நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. அங்கே நிற்பவருக்குச் சூரியன் கிழக்கில் எழுந்து ஏறக்குறைய நேராகத் தலைக்கு மேல் ஏறும். பூமியும் கிட்டத்தட்ட அதே பாதையில்தான் இருக்கும். இறங்கிய நேரத்தில் சூரியன் கிழக்கே தாழ்வாகவும், பூமி உச்சிக்குச் சற்று மேற்கேயும் இருந்தன. மேற்கே பார்த்து நின்றால் சூரியன் நம் முதுகுப் பக்கம். அதன் ஒளி பூமியின் மேல்பாதியில் விழும், இருட்டு கீழே தங்கும். எத்தனையோ கோடி பேர் பார்த்த சின்னத்தில் இந்தச் சிறு திருப்பம் அப்படியே நிலைத்துவிட்டது.

ஆனால் அப்போலோ 11 வீரர்களின் விண்வெளி உடையில் இருந்தது எம்பிராய்டரி பேட்ச்சே அல்ல. 1967 ஜனவரி 27 அன்று ஏவுதளத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது அப்போலோ 1 கலத்துக்குள் தீப்பிடித்து மூன்று வீரர்கள் இறந்தார்கள். உள்ளே இருந்தது தூய ஆக்சிஜன், அதுவும் வளிமண்டல அழுத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலான அழுத்தத்தில். நம் அறையில் மெதுவாகக் கருகும் துணியும் நூலும் அந்தச் சூழலில் குப்பென்று பிடித்துக்கொள்ளும். அதன்பிறகு உடையின் வெளிப்பக்கத்துக்கு பீட்டா துணி வந்தது. மிக மெல்லிய கண்ணாடி இழைகளை நெய்து டெஃப்ளான் பூசிய துணி அது. எரியாது, 650 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால்தான் உருகும். கண்ணாடி இழை மடிப்பில் ஒடியும் என்பதால்தான் டெஃப்ளான் பூச்சு. அந்தத் துணியில் ஊசியால் பூத்தையல் போட முடியாது, ஆகவே சின்னத்தை அச்சிட்டார்கள். எம்பிராய்டரி பேட்ச்கள் தரையில் அணியும் சட்டைகளிலும் மீட்புக் கப்பல் குழுவினரின் உடைகளிலும் இருந்தன. சில, வீரர்களின் சொந்தப் பொருட்களோடு பெட்டியில் போய் வந்தன. நிலவில் நடந்த உடையிலிருந்து எடுத்தது என்று யாராவது எம்பிராய்டரி பேட்ச்சைக் காட்டினால் நம்ப வேண்டியதில்லை.

பேட்ச்சை உருவாக்கும் தையல் லாக்ஸ்டிச். ஷூவின் அப்பரை மூடுவதும் இதே தையல்தான். மேல்நூலோடு ஊசி கீழே இறங்கி, லேசாக மேலெழும்போது நூலில் ஒரு சிறு வளையம் விழுகிறது. சுழலும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, அடிநூல் சுற்றிய பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. மேல்நூலும் பாபின் நூலும் துணியின் தடிமனுக்குள் எங்கோ ஓரிடத்தில் பின்னிக்கொள்கின்றன. அந்த இடம் எங்கே என்பதை இரண்டு நூல்களின் டென்ஷன்தான் முடிவுசெய்கிறது. அப்பர் தையலில் முடிச்சு தோலின் நடுவில் அமர வேண்டும். எம்பிராய்டரியில் கணக்கு வேறு. மேல்நூல் சற்றுக் கீழே இறங்கித் தெரிய வேண்டும். பின்பக்கம் திருப்பினால் நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை பாபின் நூலும், இருபக்கமும் வண்ண நூலும் தெரிந்தால் அது நல்ல ஓட்டம்.

ஆம்பூரில் அப்பர் தைக்கும் ஓர் அக்காவிடம் அப்போலோ 11 பேட்ச் ஒன்றைக் காட்டினேன். திருப்பினார், நகத்தால் நீவிப் பார்த்தார். “வெள்ளை நூலு அகலமா தெரியுது பாரு தம்பி. மேல்நூல இறுக்கி ஓட்டியிருக்காங்க” என்றார். கொஞ்சம் விட்டு, “கறுப்ப மொதல்ல போட்டுட்டாங்க. கழுகு அப்புறமா வந்திருக்கு. இந்த மஞ்ச வளையம் கடைசி” என்றார். பின்பக்கத்தில் எந்த நூல் எதன்மேல் ஏறிக் கிடக்கிறது என்பதை வைத்து வண்ணங்கள் தைத்த வரிசையை அவர் சொல்லிவிட்டார். அந்த வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், சில சமயம் ஒரே தயாரிப்பாளரின் வெவ்வேறு காலத் தொகுதிகளிலும் மாறும். சேகரிப்பாளர்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் செய்தி அது. இந்த ஊரின் தையல் பகுதிகளில் பெரும்பாலும் பெண்கள்தான் வேலை செய்கிறார்கள், அவர்களுடைய விரல்நுனியில் அது ஏற்கெனவே இருக்கிறது. பொருள்களைப் படிக்கும் அறிவியலில் இந்த அறிவுக்கு ஓர் இடம் வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பழைய பேட்ச்கள் பெரும்பாலும் ஷிஃப்லி எந்திரத்தில் தைத்தவை. சுவிட்சர்லாந்தின் ஐசக் கிரோப்லி 1863-ல் உருவாக்கியது அது. துணி திரைபோல் செங்குத்தாகத் தொங்கும். நூற்றுக்கணக்கான ஊசிகள் படுக்கைவாட்டில் ஒரே நேரத்தில் குத்தும். ஒரே சமயத்தில் எல்லா ஊசியும் ஒரே உருவத்தைத்தான் தைக்கும். நிறம் மாற்ற வேண்டுமென்றால் நூலை மாற்றிக் கோத்துவிட்டு மீண்டும் ஓட்ட வேண்டும். இடையில் துணி ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் அடுத்த நிறம் தள்ளி விழும், இரண்டு நிறங்களுக்கு நடுவில் அடித்துணி எட்டிப் பார்க்கும். இன்று ஓடும் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி எந்திரத்தில் ஒவ்வொரு தலையிலும் பல நிற ஊசிகள் இருக்கின்றன. ஒரு பேட்ச்சின் எல்லா நிறமும் ஒரே மூச்சில் முடிந்துவிடும், நூலையும் தானே வெட்டும். பின்பக்கம் ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு வெட்டாத நூல் தாவி ஓடுகிறதா என்று பார்த்தாலே எந்தத் தலைமுறை எந்திரம் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

வடிவமைப்பில் வரும் வேறுபாடுகளில் பெரும்பங்கு ஓவியரிடமிருந்து வருவதில்லை, நூலின் தடிமனிலிருந்து வருகிறது. வழக்கமான எம்பிராய்டரி நூல் துணிமேல் சுமார் 0.4 மில்லிமீட்டர் அகலத்தை அடைக்கும். ஒரு பேட்ச்சின் குறுக்களவு சுமார் 100 மில்லிமீட்டர். அப்படியானால் குறுக்கே 250 நூல்தான் கொள்ளும். கைப்பேசித் திரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளில் விழும் படத்தை 250 கோடுகளுக்குள் அடக்க வேண்டும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த உயரத்தில் எழுத்து வைத்தால் ‘ஏ’, ‘ஈ’ போன்ற ஆங்கில எழுத்துகளின் உள்வெளி அடைபட்டுவிடும். ஆகவே ஓவியத்தைத் தையலாக மாற்றுகிறவர் ஒவ்வொரு முறையும் சிலவற்றைத் தியாகம் செய்கிறார். ஒருவர் மூன்று விண்மீன்களை விட்டுவிடுவார், இன்னொருவர் விண்மீன்களை வைத்துக்கொண்டு எழுத்தைத் தடிமனாக்குவார். அப்போலோ காலத்தில் பால்டிமோரின் லயன் பிரதர்ஸும், பின்னர் நாசாவுக்குத் தொடர்ந்து தைத்துவரும் வட கரோலினாவின் ஏ-பி எம்ப்ளமும் ஒரே ஓவியத்திலிருந்து வெவ்வேறு முடிவுகளுக்கு வந்தது இப்படித்தான்.

இழுவை என்றொரு விஷயமும் உண்டு. ஒவ்வொரு தையலும் தன் நீளவாட்டில் துணியைச் சுருக்கும். வட்டமான நிலவைப் படுக்கைவாட்டுத் தையலால் நிரப்பினால் அகலம் குறைந்து, மேலும் கீழும் பிதுங்கி முட்டையாகும். தேர்ந்தவர்கள் கம்ப்யூட்டரிலேயே அந்த வட்டத்தைப் பக்கவாட்டில் சற்று அகலமாக வரைந்துவிடுவார்கள், சுருங்கிய பிறகு அது வட்டமாக நிற்கும். பூமியும் நிலவும் எவ்வளவு உருண்டையாக இருக்கின்றன என்று ஒரு ஸ்கேலை வைத்து அளந்தாலே போதும், மலிவான நகல் பெரும்பாலும் அங்கே மாட்டிக்கொள்ளும்.

தோலில் இந்தக் கணக்கெல்லாம் இன்னும் கடுமையாகிறது. துணியில் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு நுழையும், வெளியே வந்தபின் இழைகள் மீண்டும் கூடிக்கொள்ளும். தோலில் போட்ட ஓட்டை மூடாது. அதற்கான ஊசிக்கே வெட்டும் முனை உண்டு. அப்பரில் அங்குலத்துக்கு 8 முதல் 12 தையல்தான் போடுவார்கள். பேட்ச்சில் இருக்கும் அடர்த்தியைத் தோலில் போட்டால் சின்னத்தின் ஓரம் வழியாகத் தோல் பிய்ந்து கழன்றுவிடும். தோல் ஜாக்கெட்டில் சின்னம் வேண்டுமென்றால் அதைத் துணியில் தனியாகத் தைத்துப் பின்னர் ஜாக்கெட்டோடு இணைப்பதற்கு இந்த இயற்பியலும் ஒரு காரணம்.

நூலின் பளபளப்பையும் சொல்லியாக வேண்டும். ரேயான் நூல் என்பது வழவழப்பான மெல்லிய உருளைகளின் கற்றை. உருளைமேல் விழும் ஒளி அதன் நீளத்துக்குக் குறுக்குவாட்டில் விரிந்து சிதறும். அதனால் ஒரே நீல நூலைக் கிடையாகத் தைத்த இடம் வெளிர்ந்தும், நெடுக்காகத் தைத்த இடம் ஆழ்ந்தும் தெரிகிறது. ஆம்பூர் ஸ்வேட் தோலை ஒரு பக்கமாகத் தடவினால் வெளுத்தும் மறுபக்கமாகத் தடவினால் கறுத்தும் தெரிவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அப்போலோ 11 கழுகின் இறகுகளைக் கூர்ந்து பாருங்கள். நல்ல பேட்ச்சில் நிறத்தை மாற்றாமலே, தையலின் திசையை மட்டும் திருப்பி இறகுகளைப் பிரித்திருப்பார்கள். நகலெடுப்பவர் நிறத்தைப் பிடித்துவிடுவார், திசையைத் தவறவிடுவார்.

நம் ஊர்க்காரர்கள் மிகுந்த அன்போடு தேடும் பேட்ச்கள் விண்வெளி வீராங்கனை கல்பனா சாவ்லாவின் இரண்டு பயணங்களுக்கு உரியவை. 1997 நவம்பரில் அவர் முதன்முறை பறந்த எஸ்டிஎஸ்-87 பயணத்தின் பேட்ச் விண்வெளித் தலைக்கவசத்தின் வடிவம் கொண்டது. கவசத்தின் முகப்பைச் சுற்றியிருக்கும் பொன்னிறச் சுடர் சூரியனின் கொரோனாவைக் குறிக்கிறது, அந்தப் பயணத்தில் ஸ்பார்டன் செயற்கைக்கோள் ஆராய வேண்டியிருந்தது அதைத்தான். அந்தப் பேட்ச்சிலும் 2003-ல் அவர் பறந்த எஸ்டிஎஸ்-107 பேட்ச்சிலும் ‘மியூ-ஜி’ என்ற குறி இருக்கிறது. மியூ என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, ஜி என்பது ஈர்ப்பு முடுக்கம். அந்த உயரத்தில் ஈர்ப்பு இல்லாமல் போய்விடுகிறது என்று பாடப்புத்தகம் படித்த பலரும் நினைக்கிறார்கள். இரண்டு முறையும் அவர் சென்ற கொலம்பியா விண்ணோடம் பறந்த சுமார் 280 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் 90 சதவீதத்துக்கும் மேல் இருக்கிறது. கலமும் உள்ளிருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் எடை தெரிவதில்லை. மிச்சமாக உணரப்படும் அந்த அற்ப முடுக்கத்தைத்தான் மியூ-ஜி குறிக்கிறது.

எஸ்டிஎஸ்-107 பேட்ச் விண்ணோடத்தின் உருவத்திலேயே வெட்டப்பட்டது. அதில் விண்வெளி வீரர்களின் சின்னம் பூமியின் அடிவானத்தோடு 39 டிகிரிக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது. கொலம்பியாவின் சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டோடு கொண்டிருந்த சாய்வு அது. வடக்கே 39, தெற்கே 39 பாகை வரை கலம் போகும், இடையில் 13 பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கும் நம் பகுதியின் மேலும் கடக்கும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் சாய்வோ 51.6 டிகிரி. விண்ணில் ஒரு சுற்றுப்பாதையின் சாய்வை மாற்றுவது உயரத்தை மாற்றுவதைவிட மிகக் கடினம். நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கலத்தை 12 டிகிரிக்கு மேல் திருப்ப நொடிக்குச் சுமார் 1.7 கிலோமீட்டர் வேகமாற்றம் வேண்டும். விண்ணோடத்தின் எந்திரங்களுக்கு நொடிக்குச் சில நூறு மீட்டர்தான் முடியும். ஏவும்போது இறக்கையில் சேதம் ஏற்பட்டிருந்த அந்தக் கலத்தால் விண்வெளி நிலையத்தில் அடைக்கலம் தேடியிருக்க முடியாது. பிப்ரவரி 1 அன்று அது திரும்பும் வழியில் சிதைந்தது. அதில் இருந்த ஏழு பேரின் பெயர் தைத்த சின்னத்திலேயே அந்த 39 டிகிரியும் தைக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பேட்ச்சைக் கையில் எடுக்கும்போதெல்லாம் என் கண் முதலில் போவது அந்தக் கோணத்துக்குத்தான்.

அதே பேட்ச்சில் ஏழு விண்மீன்கள் கொண்ட கொலம்பா என்னும் புறா விண்மீன்குழு இருக்கிறது. சமாதானத்துக்கும் கொலம்பியா என்ற பெயருக்கும் சேர்த்து அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜனவரிக் கடைசியில், அதாவது அவர்கள் விண்ணில் இருந்த அதே நாட்களில், இரவு ஒன்பதரை மணி வாக்கில் புறா நமக்குத் தெற்கே நன்றாக ஏறி நிற்கும். வேட்டைக்காரனுக்குக் கீழே முயல், முயலுக்குக் கீழே புறா. இன்னும் கீழே, அடிவானத்தை நோக்கிப் பளிச்சென்று தெரிவது அகத்திய விண்மீன். புறாவின் விண்மீன்கள் மங்கலானவை, ஊர் வெளிச்சத்தில் தேடுவது சிரமம். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறிவிட்டால் சுலபம். அந்த மலையின் இருட்டுக்காகத்தான் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்க வந்தபோது, அதன் வளையங்களால் ஏற்பட்ட ஒளிக்குறைவை அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி பதிவு செய்தது.

பேட்ச்சின் வயதைக் காண உதவும் இரண்டு தடயங்கள் உண்டு. ஒன்று ஓரம். தடித்த சங்கிலிபோல் பின்னிய ஓரத்தை மெர்ரோ எந்திரம் போடுகிறது. தைத்து முடித்த இடத்தில் எஞ்சும் நூல்வாலை மடித்துப் பின்பக்கம் ஒட்டியிருப்பார்கள். வட்டத்துக்கு இந்த ஓரம் அழகாக வரும். உள்நோக்கி மடங்கும் கூர்மூலைகளில் நூல் குவிந்துகொள்ளும். விண்ணோட வடிவப் பேட்ச்சில் இறக்கையும் உடலும் சேரும் மூலையை எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்று பாருங்கள், தயாரிப்பாளர்களின் வேறுபாடு அங்கே தெரியும். இன்னொன்று புறஊதா விளக்கு. இன்றைய பாலியெஸ்டர் நூல்கள் பலவற்றில் கண்ணுக்குத் தெரியாத புறஊதாவை உறிஞ்சி நீல ஒளியாகத் திருப்பித் தரும் வெண்மையூட்டி கலந்திருக்கும். 1960-களின் பேட்ச் என்று சொல்லப்படுவது இருட்டில் பளீரென்று ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம். ஆனால் துணி சோப்புத் தூளிலும் அதே பொருள் உண்டு. ஒருமுறை துவைத்த உண்மையான பழைய பேட்ச்சும் ஒளிரும். ஆகவே ஒளிர்வதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

அடுத்துக் காத்திருப்பது இந்தியாவின் மனித விண்பயணத் திட்டமான ககன்யான். அதற்காக 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட நால்வரில் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் இருக்கிறார். அவர்களில் சுபான்ஷு சுக்லா 2025-ல் ஆக்சியம்-4 பயணத்தில் விண்வெளி நிலையத்துக்கே போய் வந்துவிட்டார். நம் மண்ணிலிருந்து நம் கலம் மனிதரோடு கிளம்பும் நாளில் நூற்றுக்கணக்கான தையல்கூடங்கள் அதன் சின்னத்தைத் தைக்கும். முதல் வாரத்தில் வருபவை எவை, ஆறு மாதம் கழித்து வருபவை எவை என்று பிரித்தறிய அன்றைக்கே குறிப்பெடுத்து வைப்பவர்கள் தேவை. ஒரே சின்னத்தில் இரண்டு வாங்குங்கள். ஒன்றைச் சட்டையில் தைத்துக்கொள்ளுங்கள், மற்றதை வைத்திருங்கள். பிவிசி ஆல்பத்தில் போடாதீர்கள், அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருள் பேட்ச்சைப் பிசுபிசுப்பாக்கிவிடும். துவைக்கவும் வேண்டாம், நனைந்த ரேயான் தன் வலிமையை வெகுவாக இழக்கிறது. நம் ஊர் வெயிலில் சாயம் வெளுக்கும், அடைத்த பீரோவில் ராமபாணப் பூச்சி ரேயானைத் தின்னும். பாலிப்ரொப்பிலீன் உறையில் போட்டு, வாங்கிய இடம், தேதி, விலை எல்லாவற்றையும் உறையின் மேல் எழுதுங்கள், பேட்ச்சின் பின்பக்கம் பேனா படவே வேண்டாம்.